பழைய வீட்டில் விருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம், பழுது பார்த்து மீட்ட ஒரு தொட்டிக்கட்டு வீட்டில் மதியமும் இரவும் விருந்து பரிமாறுகிறோம். பதிவுக்கான போன் என் கையில்தான் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என எங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை, கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏனுங்க, இது ஓட்டலுங்களா, மியூசியமுங்களா? சும்மா வந்து பார்த்துட்டுப் போலாமா?

சாப்பாட்டு வீடு. 1930களில் கட்டியது. 1932-இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. பருத்தி விளைவித்த குடும்பங்களின் கையிலும் காசு புழங்கியது. அந்தக் காசில் எழுந்த வீடுகளில் இதுவும் ஒன்று. முன்னால் திண்ணை, அடுத்து ஆசாரம் என்னும் கூடம், நடுவில் தொட்டி என்னும் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்னால் பொடக்காளி என்னும் கொல்லைப்புறம். சமத்தூர், ஊத்துக்குளி ஜமீன் அரண்மனைகளோடு இதை ஒப்பிட வேண்டாம். இது வசதியான விவசாயக் குடும்பத்தின் வீடு, அவ்வளவுதான்.

சாப்பிட வருகிறவர்களுக்கு இலை போடுவதற்கு முன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறோம். வீட்டை மட்டும் பார்க்க நினைப்பவர்கள் மதியப் பந்தி முடிந்து, மாலை வேலை தொடங்குவதற்கு முன் வரலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நேரா வந்தா எலை போடுவீங்களா, முன்னாலயே சொல்லணுமுங்களா?

முன்னாலேயே சொல்ல வேண்டும். ஒரு நாள் முன்பாவது. இங்கே எதையும் ஆக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. நாட்டுக்கோழி எத்தனை, சந்தகைக்கு (இடியாப்பம் போன்றது) எவ்வளவு அரிசி ஊறப்போட வேண்டும், எத்தனை இலை அறுக்க வேண்டும் என்பதெல்லாம் முந்தின நாள் மாலையே முடிவாகிவிடும். திடீரென்று பத்துப் பேர் வந்தால், ஏற்கெனவே சொல்லிவிட்டு வந்தவரின் பங்கிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அதைச் செய்ய மனம் வருவதில்லை.

ஒரு வேளைக்கு ஒரே பந்திதான். உங்கள் இடத்தில் உங்களுக்குப் பிறகு வேறொருவர் உட்கார மாட்டார். யாரும் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு எழுந்திருப்பீர்களா என்று பார்க்க மாட்டார்கள்.

என்ன துணி போட்டுட்டு வரணுமுங்க? வேட்டி கட்டிட்டு வந்தா உள்ள விடுவீங்களா?

தாராளமாக வாருங்கள். வேட்டி, சேலை, சுடிதார், பேண்ட் எதுவானாலும் சரி. நம் ஊரிலேயே வேட்டி கட்டியவரைத் திருப்பி அனுப்பிய இடங்கள் உண்டு. அந்தப் பழக்கம் இந்த வாசலுக்குள் வராது.

செருப்பை மட்டும் திண்ணைக்குக் கீழே விட்டுவிட வேண்டும். ஆசாரத்தில் இருப்பது ஆத்தங்குடிக் கல். காரைக்குடிப் பக்கம் கண்ணாடிப் பலகையின் மேல் கையால் வார்த்துச் செய்வது அது. செருப்பு மண்ணும் குதிகால் ஆணியும் அதைக் கீறிவிடும். எலுமிச்சை, புளி சிந்தினாலும் அப்படியே விடக்கூடாது, உடனே ஒரு குரல் கொடுங்கள். சிமெண்டில் ஆன மேற்பரப்பைப் புளிப்பு அரித்து வெளுக்க வைத்துவிடும். கீழே சிந்தினால் யாரும் கோபிக்க மாட்டோம், ஈரத்துணியோடு வருவோம்.

கத்தி, முள்ளுக்கரண்டின்னு வரிசையா வெச்சிருப்பாங்களாமே. எங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லீங்க.

இங்கே இலைச் சாப்பாடு, கையால்தான். கரண்டி வேண்டுமென்றால் தருகிறோம். உட்கார்ந்ததும் பித்தளைச் செம்பில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு வட்டலும் வரும், இருந்த இடத்திலேயே கை கழுவலாம். இனிப்புக்கு முன் இன்னொரு முறை வரும்.

வெளியூரில் மேசையில் கரண்டிகளை வரிசையாக வைக்கும் இடத்துக்குப் போனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் உள்பக்கமாக நகர வேண்டும். அதற்கு மேல் அதில் பயப்பட எதுவும் இல்லை.

ஒவ்வொண்ணா கொண்டாந்து வெச்சா எப்பங்க வயிறு ரொம்பும்?

ரொம்பும். கல்யாணப் பந்தியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இலையில் நிரப்பிவிடுகிறோம். உட்காருவதற்குள் பொரியல் ஆறிப்போகிறது, ரசம் வருவதற்குள் பாதிப்பேர் எழுந்துவிடுகிறார்கள். இங்கே ஒரு வகை சூடாக வரும், அதைச் சாப்பிட்டு முடித்ததும் அடுத்தது வரும். முழுப் பந்திக்கும் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும்.

முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் கொள்ளு ரசம், குடிக்கத்தான். கொள்ளை வேகவைத்த தண்ணீரில்தான் அந்த ரசம். வெந்த கொள்ளை வரமல்லி, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்த கொள்ளுப்பருப்பு பின்னால் சோற்றுக்கு வரும். ஒரே தானியம் இரண்டு சுற்றில் இரண்டு முகம் காட்டும். அடுத்து ராகிக் களி, எலுமிச்சம்பழ அளவு, கீரைக் கடையலோடு. பிறகு சந்தகை. புழுங்கலரிசியை அரைத்து, அவித்து, சூடு ஆறுவதற்குள் பிழிந்தால்தான் நூல் நூலாக விழும். அதனால் நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் பிழிகிறோம். ஒரு பிடிக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும், இன்னொரு பிடிக்கு எலுமிச்சைத் தாளிப்பு. அதன் பிறகு கறி வகை, அரிசிம்பருப்பு, கொள்ளுப்பருப்புச் சோறு, செலவு (மசாலா) ரசம், தயிர். கடைசியில் இனிப்புக்குக் கச்சாயமோ ஒப்பட்டோ.

களியை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதற்கும், பிறகு வந்த பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலுக்கும் முன்னால் இந்த மேட்டாங்காட்டு ஊர்களில் பெரும்பாலோருக்குக் கம்பும் சோளமும் ராகியும்தான் அன்றாடச் சோறு. நெல்லுச்சோறு நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு. அந்த வரிசையில் நாக்கு நடந்து வரும்போது அரிசிம்பருப்பின் ருசி வேறாகத் தெரியும். பசியோடு வாருங்கள், காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வரும்.

அரிசிம்பருப்பு நாங்க வீட்டுலயே வாரம் ரெண்டு தடவ ஆக்கறோமுங்க. அதுக்குப் போயி இவ்வளவு காசா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. கொடுக்கும் காசில் பெரும்பங்கு இலையில் விழுவதற்கு இல்லை. இந்த வீடு நின்றுகொண்டிருப்பதற்குப் போகிறது. கூரை ஓடுகளைத் தூக்கி அடியிலிருக்கும் ரீப்பர் சட்டத்தைப் பார்ப்பது, உத்திரத்தில் கரையான் ஏறாமல் காப்பது, சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்பாலேயே ஒட்டுப்போடுவது எல்லாம் ஓயாத வேலை. அந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் குறைவு, இருப்பவர்களுக்கு நல்ல கூலி கொடுக்க வேண்டும், கொடுக்கிறோம். ஒரு வேளைக்கு ஒரே பந்தி என்று மேலே சொன்னேன். நகரத்து ஓட்டலில் அதே நாற்காலியில் நான்கு பேர் மாறி மாறி உட்கார்ந்து பங்கிட்டுக்கொள்ளும் செலவை இங்கே ஒருவரே ஏற்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வட இந்தியப் பனீருக்கும் இத்தாலியப் பாஸ்தாவுக்கும் இதே காசைக் கேட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. நம் அரிசிம்பருப்புக்குக் கேட்டால்தான் மனம் வலிக்கிறது. அரிசியும் துவரம்பருப்பும் ஒரே பாத்திரத்தில் வேகும் பண்டம்தான். ஆனால் அரிசி பழசா புதுசா என்று பார்த்துத் தண்ணீர் அளக்க வேண்டும். பருப்பு குழையவும் கூடாது, விறைக்கவும் கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் மிளகும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்க வேண்டும். மேலே ஊற்றும் நெய் திருப்பூர்ப் பக்கத்து ஊத்துக்குளி வெண்ணெயை இங்கேயே உருக்கியது. எங்கள் சமையலுக்குத் தலைமை தாங்கும் அம்மா, புது மூட்டை அரிசி பிரித்தால் முதல் நாள் தானே ஒரு படி ஆக்கிப் பார்த்துவிட்டுத்தான் விருந்துக்கு எடுப்பார். நல்ல மேசையில் வைக்கத் தகுதியான பண்டம் இது என்று நம்பித்தான் இந்த வீட்டைத் திறந்தோம்.

பள்ளிபாளையம் சிக்கன் இருக்குதுங்களா? நல்லா செவப்பா, மொறுமொறுன்னு?

இருக்கிறது, ஆனால் மொறுமொறுப்பாக இருக்காது. ஈரோட்டுக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரில் பல இடங்களில் மாவு தடவிப் பொரித்த கோழியைக் கொடுக்கிறார்கள். அது வேறு பண்டம். நாங்கள் செய்வதில் கோழி, சின்ன வெங்காயம், விதை நீக்கிக் கிள்ளிய வரமிளகாய், பல் பல்லாகக் கீறிய தேங்காய், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். இவ்வளவுதான். இஞ்சி பூண்டு விழுது இல்லை, கரம் மசாலா இல்லை, வண்ணப்பொடி இல்லை. கோழி தன் நீரிலேயே வெந்து, மிளகாயின் நிறம் எண்ணெயில் இறங்கிச் சுருளும்.

விதை எடுத்த மிளகாய் என்பதால் பார்க்கும் அளவுக்குக் காரம் இராது. மஞ்சள் ஈரோட்டு விரலி, இங்கேயே காயவைத்து அரைத்தது. 2019-இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அதற்கு முன்பும் நம் வீடுகளில் வேறு மஞ்சளை யார் தேடினார்கள்?

வெறும் சைவம் சாப்பிடறவங்களுக்கு என்னங்க இருக்குது? புரட்டாசியில வரலாமா?

கறி வகை ஒன்றைத் தவிர மேலே சொன்ன வரிசை முழுவதும் சைவம்தான். அந்தச் சுற்றில் சைவ இலைக்குக் காளானோ வாழைப்பூவோ அந்தந்தப் பருவத்துக்கு ஏற்றது வரும். பாத்திரமும் கரண்டியும் அடுப்பும் தனி. புரட்டாசி சனிக்கிழமைகளிலும் அமாவாசையிலும் முழுப் பந்தியும் சைவம். பால், நெய் வேண்டாதவர்கள் முன்னாலேயே சொன்னால் நெய்க்குப் பதில் செக்கு நல்லெண்ணெய் வரும்.

நிலக்கடலை, எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் பதிவு செய்யும்போதே கட்டாயம் சொல்லுங்கள். கொங்குச் சமையலில் இரண்டும் எதிர்பாராத இடத்திலெல்லாம் இருக்கும்.

சரக்கு கிடைக்குமுங்களா? நாங்களே கொண்டாந்துக்கலாமா?

இரண்டும் இல்லை. தமிழ்நாட்டில் மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். எங்களைப் போன்ற தனி உணவகத்துக்குக் கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவந்து குடிப்பதற்கும் அனுமதி இல்லை. பானகம், நீர்மோர், பொள்ளாச்சி இளநீர், சுக்குக் காப்பி இருக்கின்றன.

ஏசி இருக்குதுங்களா?

பின்கட்டில் இருக்கும் ஓர் அறையில் மட்டும் இருக்கிறது, முடியாதவர்களுக்காக. ஆசாரத்திலும் தாழ்வாரத்திலும் இல்லை. நடுவில் வானம் திறந்த வீட்டை ஏசியால் குளிர வைக்க முடியாது. தொட்டியைக் கண்ணாடி போட்டு மூடிவிட்டால் முடியும், ஆனால் அப்படி மூடிய பழைய வீடுகள் வெக்கையில் புழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். சூடான காற்று மேலே எழுந்து தொட்டி வழியாக வெளியேறுகிறது, தாழ்வாரத்து நிழலின் குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வருகிறது. ஒன்றரை அடிக் கனச் சுவர் பகல் வெயிலை உடனே உள்ளே விடுவதில்லை.

நமக்கு இன்னொரு கொடையும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று. அந்த மாதங்களில் மின்விசிறியே வேண்டாம். இலை பறக்காமல் இருக்க ஓரத்தில் செம்பை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பங்குனி, சித்திரை மதியம் மட்டும் உண்மையில் கஷ்டம். அப்போது இரவுப் பந்திக்கு வாருங்கள் என்று நானே சொல்லிவிடுவேன்.

மழை வந்தா நனைஞ்சுட்டேவா சாப்பிடறது?

தொட்டிக்குள் இலை போடுவதில்லை. சுற்றியுள்ள தாழ்வாரத்தில்தான் உட்காருவீர்கள், சாரல் படாத தூரத்தில். தொட்டியில் விழும் தண்ணீர் கல் வாய்க்கால் வழியாகப் பொடக்காளிக் கிணற்றுக்குப் போகிறது. மழை நாளில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அப்பாருக்கு முட்டி வலி, அம்மாயி சக்கர நாற்காலியில இருக்கறாங்க. கூட்டிட்டு வரலாமுங்களா?

அவசியம் கூட்டி வாருங்கள். தரையில் பாய்ப் பந்தி, மேசைப் பந்தி என்று இரண்டும் உண்டு, ஒரே தாழ்வாரத்தில் பக்கத்துப் பக்கத்தில். பாட்டி மேசையிலும் பேரன் பாயிலுமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடலாம்.

பழைய வீட்டில் சிக்கல் நிலைப்படிகள்தான். ஒவ்வொரு வாசலிலும் கால் தட்டும் உயரத்துக்கு மரம் கிடக்கும். அதை அறுத்து எறிந்தால் வாசல் நிலையின் பிடிமானமே போய்விடும் என்பதால் அறுக்கவில்லை. பக்கவாட்டு வாசலில் மரச் சாய்வுப் பலகை வைத்திருக்கிறோம், சக்கர நாற்காலி அதில் ஏறி நேரே தாழ்வாரத்துக்கு வந்துவிடும். கழிப்பறை அக்காலத்தில் தோட்டத்துக்கு அப்பால் இருந்தது. இப்போது பின்கட்டை ஒட்டிப் புதிதாக, கைப்பிடியோடு, அகலக் கதவோடு கட்டியிருக்கிறோம். சக்கர நாற்காலி வருவதை முன்பே சொன்னால் வசதியான இடத்தை ஒதுக்கிவிடுவேன்.

சின்னப் பசங்களுக்கு இந்த இடம் சரிப்படுமுங்களா?

சரிப்படும். காரம் குறைத்த இலை உண்டு, சந்தகைக்கும் தேங்காய்ப்பாலுக்கும் மயங்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் உட்கார மாட்டார்கள்தான். தோட்டத்தில் ஊஞ்சல் இருக்கிறது. கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டிருக்கிறது, இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால போட்டோ எடுக்கறாங்கல்ல, அதுக்கு வீட்டைத் தருவீங்களா?

பந்தி இல்லாத நேரத்தில், விளக்குக் கம்பங்களைத் தாழ்வாரத் தூணில் கட்டாமல், புகைக் குண்டு கொளுத்தாமல் என்றால் தருகிறோம். வண்ணப் புகை சுண்ணாம்புச் சுவரில் ஏறினால் கழுவிப் போக்க முடியாது. சாப்பிட வரும்போது போனில் படம் எடுக்கத் தடை இல்லை. பக்கத்துப் பந்தியில் இருப்பவர்கள் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லுல ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜ்னு போட்டு ஏத்திருவீங்களா?

ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் இருக்கும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் அது 18 சதவீதம். அங்கே வந்த பில்லை வைத்துக்கொண்டு இங்கேயும் அப்படித்தானா என்று கேட்பவர்கள் உண்டு. எங்களிடம் தங்கும் அறையே கிடையாது.

சர்வீஸ் சார்ஜ் போடுவதில்லை. எந்த உணவகமும் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எங்கே சாப்பிட்டாலும் சர்வீஸ் சார்ஜ் பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பரிமாறியவருக்குப் பிரியப்பட்டு ஏதாவது கொடுப்பது உங்கள் விருப்பம். அது சமையல்கட்டு, தோட்டம் வரை எல்லோருக்கும் சமமாகப் பிரியும்.

செவுரு அங்கங்க திட்டுத்திட்டா இருக்குதுங்களே. சிமெண்டு பூசி பெயிண்ட் அடிச்சா பளிச்சுன்னு இருக்குமல்ல?

இரண்டு மழைக்காலம் பளிச்சென்று இருக்கும். பிறகு உப்புப் பூக்கும், பொருக்குப் பொருக்காக உதிரும். இந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தது. தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லைக் கரைக்கும். நாங்கள் வாங்கும்போது முன்னறையில் இப்படி யாரோ பூசியிருந்த சிமெண்டைத் தட்டி எடுத்தபோது, பின்னால் இருந்த செங்கல் விரலால் சுரண்டினாலே கொட்டியது. அந்த அறைக்குத்தான் செலவு அதிகம்.

அதனால் திரும்பவும் சுண்ணாம்புக் காரைதான் பூசினோம். சுண்ணாம்பை நீற்றி ஊறவிட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கலந்து பூச வேண்டும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லத்தான் அது கல்லாகும், அவசரப்படுத்த முடியாது. திட்டுத் திட்டாகத் தெரிவது பழைய பூச்சும் புதிய பூச்சும் சந்திக்கும் இடம். பழையதில் உறுதியாக நின்றதையெல்லாம் விட்டுவைத்தோம். ஒரே நிறத்தில் இழுத்துவிட்டிருந்தால் எது அன்றையது, எது இன்றையது என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

மேல்மாடி சும்மாதானே கெடக்குது. அங்கயும் மேசை போட்டா இன்னும் நாலு பேர் வரலாமல்ல?

மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் செங்கற்களைக் குத்துவாக்கில் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லிக் காரை போட்ட தளம். ஒரு குடும்பம் நடமாடக் கட்டியது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுவதற்குக் கட்டியதல்ல. பொறியாளர் பார்த்துவிட்டு, சிலர் ஏறிப் பார்க்கலாம், பந்தி வேண்டாம் என்றார். அந்தப் பேச்சை மீறப் போவதில்லை.

வெறகடுப்புலதான் ஆக்கறீங்களா? சமையல்கட்டு எங்கீங்க இருக்குது?

பழைய சமையல்கட்டு வீட்டுக்குள் வடகிழக்கில் இருக்கிறது, பார்க்கலாம். இப்போது சமையல் நடப்பது பொடக்காளியில் புதிதாகக் கட்டிய தனிக் கட்டடத்தில். ஒரு குடும்பத்துக்கு ஆக்கும் புகை வேறு, தினமும் இரண்டு பந்திக்கு ஆக்கும் எண்ணெய்ப் புகை வேறு. அது சுண்ணாம்பிலும் தேக்கிலும் படிந்தால் நிறமும் போகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் வரும். மர உத்திரம் உள்ள கூரைக்கு அடியில் காஸ் சிலிண்டர்களை வரிசையாக வைப்பதும் சரியில்லை. புதுக் கட்டடத்தைப் பழையது போல வேடம் போட்டுக் கட்டவில்லை. கழுவித் துடைக்க வசதியான சாதாரணக் கட்டடம்.

கறிக்குழம்பும் களியும் விறகில், மற்றதெல்லாம் காஸில். பித்தளைப் போசிகளுக்கு ஈயம் பூசாமல் அடுப்பில் ஏற்றுவதில்லை, புளி பட்டால் களிம்பேறும்.

பூசை ரூமு இருக்கற வீட்டுல கறி போடறது தப்பில்லீங்களா?

பெரியவர்கள் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பூசை அறைக்கு எதிர்த் தாழ்வாரத்தில் எப்போதும் சைவ இலைதான். அசைவ இலை மறுபக்கத்தில். வீட்டைக் கொடுத்த குடும்பத்தாரும் நாங்களும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. நம் ஊர் நோம்பிகளில் கருப்பணசாமிக்கும் முனியப்பனுக்கும் கெடா வெட்டி, அந்தக் கறியைச் சாமி முன்னாலேயே ஆக்கிப் பந்தி போடுகிறோம். கறி நம் சாமிகளுக்கு அந்நியம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு, அதைக் காப்பது விருந்தினராக உள்ளே வந்த எங்கள் கடமை.

எங்க அப்பாரு இந்த மாதிரி வீட்டுல வாசலோட நின்னுட்டுப் போனவருங்க. இதைய ஏன் இவ்வளவு பெருமையாக் காட்டறீங்க?

கேட்டவருக்கு நேரில் சொன்னதையே எழுதுகிறேன். அவர் சொன்னது உண்மை. திண்ணை வரை ஒருவர், வாசல் வரை ஒருவர், பொடக்காளி வழியாக மட்டும் ஒருவர் என்று இந்த வீட்டிலும் கோடு இருந்தது. செங்கல் சுமந்தவர்களும் தச்சு வேலை செய்தவர்களும் பண்ணையத்தில் உழைத்தவர்களும் இந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது தேக்குத் தூணைப் பற்றிச் சொல்கிற அதே வாயால் இதையும் சொல்கிறோம். பின்வாசலைக் காட்டாமல் யாரையும் அனுப்புவதில்லை. இதை மறைத்துவிட்டு ஓட்டையும் உத்திரத்தையும் மட்டும் மீட்டால் அது அரைகுறை வேலை.

இன்று எல்லோருக்கும் முன்வாசல்தான், வேலை செய்பவர்களுக்கும் சேர்த்து. பந்தி முடிந்ததும் பரிமாறியவர்கள் அதே தாழ்வாரத்தில், அதே மாதிரி இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். சமைப்பவர் யார், என்ன ஆளுங்க என்று போனில் விசாரிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதிவு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டவர் அடுத்த முறை தன் அம்மாவைக் கூட்டி வந்தார்.

எங்க பாட்டன் கட்டின வீடு ஒண்ணு பூட்டியே கெடக்குதுங்க. இதே மாதிரி பண்ணலாமா?

முதலில் பத்திரம். பெரும்பாலான பழைய வீடுகள் பங்காளிகள் பத்துப் பேரின் பெயரில் கிடக்கின்றன. எல்லோரும் உட்கார்ந்து எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஒரு ஓட்டைக்கூட மாற்றாதீர்கள். பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரைக் கூட்டிவந்து சுவர், உத்திரம், கிணற்று ஓர மண் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு இன்னொருவரைத் தேடுங்கள்.

சாப்பாட்டுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமம், உள்ளாட்சியின் தொழில் உரிமம், வணிக மின் இணைப்பு, தீத்தடுப்பு ஏற்பாடு எல்லாம் வேண்டும். பழைய வயரிங் முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும், அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சமையல்கட்டு வெளியே இருக்கட்டும், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அக்கம்பக்கத்தாரோடு தினமும் வழக்குத்தான். ஊரில் பாட்டிமார் யாருக்கு என்ன கைப்பக்குவம் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள், நல்ல சம்பளத்தில் அவர்களையே வேலைக்குக் கூப்பிடுங்கள்.

விருந்தைப் பற்றி யோசிக்க இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஆனாலும் பரவாயில்லை. கூரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உடைந்த ஒரு மங்களூர் ஓடு வழியாக இறங்கும் தண்ணீர் ரீப்பரை ஊறவைத்து, உத்திரத்தின் தலையை அரித்து, சுவரைப் பிளந்துவிடும். இந்த வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றுகிறவரை ஏற்றிவிடுங்கள்.